லாஸ் எரியுதா சார்?

ஃபைபர் இணைப்பு வாங்கியபோது ஒரு தொல்லையும் இல்லை. சுவரில் சின்னப் பெட்டி அடித்தார்கள், ஃபைபரில் வரும் வெளிச்சத்தை நெட்டாக மாற்றும் ஓஎன்டி என்ற கருவியை மாட்டினார்கள், போனார்கள். நான்தான் சும்மா இருக்காமல் ஓஎன்டியை ஹாலிலிருந்து உள் அறைக்கு மாற்றினேன். பெட்டியையும் ஓஎன்டியையும் இணைக்கும் ஃபைபர் வயர், அதாவது பேட்ச் கார்டு, எட்டவில்லை. பஜாரில் 10 மீட்டர் கார்டு வாங்கி வந்து மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து நெட் வருவதும் போவதுமாக இருந்தது. போன் செய்தால், “லாஸ் எரியுதா சார்?” என்றார்கள். எனக்கு வயிறுதான் எரிந்தது. வெளிச்சம் வந்து சேராவிட்டால் எரியும் சிவப்பு விளக்கின் பெயர் அது என்று அப்புறம்தான் தெரிந்தது. மூன்று முறை கூப்பிட்டும் ஒரே மந்திரம்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. இரண்டாம் நாள், புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை! இப்படி வந்தால் அன்றே கூப்பிட்டுப் புகாரை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் ஒருவர் வெறுங்கையோடு வந்தார். “ஓஎன்டி போயிடுச்சு, புதுசுக்குக் காசு கட்டணும்” என்றார். வந்து சேரும் வெளிச்சத்தை அளக்கும் பவர் மீட்டர் வைத்துப் பார்க்காமல் யார் இப்படிச் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுக்கவில்லை.

நாலாம் நாள் வந்த தம்பி கையில் மீட்டர் இருந்தது. வெளிச்சத்தின் அளவு மைனஸ் 29 டிபிஎம். மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. 27-ஐத் தாண்டினாலே ஓஎன்டி தடுமாறுமாம். கார்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, இது நீலம். உங்க போர்ட்டு பச்சை.”

பச்சைத் தலையில் கண்ணாடி இழையின் முனையை 8 டிகிரி சாய்த்துத் தீட்டியிருப்பார்கள். நீலத்தில் அந்தச் சாய்வு கிடையாது. இரண்டும் ஒரே அளவு என்பதால் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், ஆனால் முனைகள் ஒட்டாது. எனக்குப் பெட்டியில் ஒன்று, ஓஎன்டியில் ஒன்று என இரண்டு இடத்திலும் இந்தக் கோளாறு. இரண்டு பக்கமும் பச்சை உள்ள கார்டை அவரே மாட்டினார்: மைனஸ் 21. எட்டு டிபி வித்தியாசம் என்றால், இத்தனை நாளும் வரவேண்டிய வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. (கழற்றிய முனையை நான் கண்ணருகே கொண்டுபோனதற்குத் திட்டும் வாங்கினேன். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் எட்டிப் பார்க்கவே கூடாது.)

நீலக் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “கவர் பிரிச்சாச்சே சார்” என்றார்.