கழுத்தோரத்து மஞ்சள்

ஜூன் 3
கார்ன் ஸ்நேக் பாம்பு முட்டைகள் இருக்கும் தெர்மோகோல் பெட்டிக்குள் 30.5 டிகிரி. குளிர் நாட்டில் முட்டைக்குச் சூடு காட்டுவார்கள். கும்பகோணத்து வெயிலில் நான் ஈரச் சாக்கைப் போர்த்திச் சூட்டை இறக்கிக்கொண்டிருக்கிறேன். மதியம் இரண்டு தடவை கரண்ட் போச்சு. ஃப்ரீசரில் பாதி இடம் என் ஐஸ் பாட்டில்களுக்கு. கீழ்த்தட்டில் அப்பாவின் கீழாநெல்லி மோர்.

ஜூன் 5
அப்பாவின் காமாலைக்கு ரத்தம் பார்த்ததில் பிலிருபின் 6.2.

ஜூன் 6
தூக்கம் வரவில்லை. எந்தக் குட்டி என்ன நிறத்தில் வரும் என்று கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் மறுபடியும் கட்டம் போட்டேன். ஆண் ஆமெல், கறுப்பே இல்லாமல் சிவப்புக் கண். பெண் சாதாரண நிறம், ஆனால் ஆமெல் உள்ளே ஒளிந்திருக்கிறது. விற்றவர் சொன்னபடி இரண்டுக்குள்ளும் அனெரியும், அதாவது சிவப்பில்லாத சாம்பல் நிறமும், ஒளிந்திருந்தால், எட்டில் மூன்று சாதாரணம், மூன்று ஆமெல், ஒன்று சாம்பல், ஒன்று இரண்டும் சேர்ந்த வெள்ளை, ஸ்னோ. முட்டையும் எட்டு. முட்டைக்குக் கணக்கு தெரியாது என்பது எனக்கும் தெரியும்.

ஜூன் 9
விடிகாலை. மூன்றாவது முட்டையில் கீறல். மூக்கு நுனி மட்டும் வெளியே, மூச்சுக்கு மூச்சு ஒரு சின்னக் குமிழி. அம்மாவைக் கூப்பிட்டேன். "வெளக்கேத்துற நேரத்துல இதையாடி காட்டுவ?" என்றாலும் எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 11
ஏழு. நாலு சாதாரணம், இரண்டு ஆமெல், ஒன்று சாம்பல். எட்டாவது அசையவில்லை.

ஜூன் 12
மேட்டூர் திறந்தாச்சு. "கடைமடைக்கு எப்ப வருமாம்?" இரண்டு நாளில் அப்பா பேசியது இவ்வளவுதான்.

ஜூன் 13
எட்டாவதை வெட்டிப் பார்த்தேன். முழுதாக வளர்ந்து, சுருண்டபடியே போயிருந்தது. ரோஜா வெள்ளை, கண் சிவப்பு.

ஸ்னோ என்று எழுதத்தான் கை போகிறது. சாம்பல் குட்டி அனெரியாக இருந்தால் இது ஸ்னோ. சார்கோல் என்ற இன்னொரு சாம்பல் வகையாக இருந்தால் இது பிளிசர்ட். குட்டியில் இரண்டும் ஒரே வெள்ளைதான். செத்தது சாட்சி சொல்லாது, உயிரோடு இருப்பதைத்தான் கேட்க வேண்டும். அனெரிக்கு வளர வளரத் தாடைக்குக் கீழே, கழுத்தோரமாக மஞ்சள் ஏறும். சார்கோலுக்கு ஏறாது. கேரமல் என்ற வகையும் பிறக்கும்போது அனெரி மாதிரியே ஏமாற்றிவிட்டு, பிறகு உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொள்ளும். எதுவானாலும் பல மாதம் ஆகும்.

காலையில் அப்பாவின் கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். அடுத்து மாடிக்குப் போய் சாம்பல் குட்டியின் கழுத்தில் வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். என்ன பிழைப்போ.

ஜூன் 17
அப்பா சாப்பிடவில்லை.

ஜூன் 20
நேற்றிலிருந்து எல்லாம் தோல் உரிக்கின்றன. சாம்பலின் சட்டை ஒரே துண்டாக வந்தது. வெங்காயச் சருகைவிட மெல்லிசு, கண்ணை மூடியிருந்த செதில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சட்டையில் நிறம் தெரியாதென்று தெரிந்தும்.

அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 22
ஞாயிறு. அம்மாவோடு திருநாகேஸ்வரம். நாலரைக்கு ராகுவுக்குப் பாலாபிஷேகம், சன்னிதியில் நிற்க இடமில்லை. "பாரு, பாரு, நீலமாயிட்டுது!" என்று கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குச் சாம்பலாகத்தான் பட்டது. வெளியே வந்ததும் கேட்டாள், "அப்பாவுக்குத்தானே வேண்டிக்கிட்ட?" ஆமாம் என்றேன். பாதி பொய்.

ஜூன் 24
ஆமெல் இரண்டும் எலிக்குஞ்சு தின்றன. சாதாரணத்தில் மூன்று தின்றன. சாம்பல் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ஜூன் 25
4.1! அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கல்கண்டு கொடுத்தாள்.

ஜூன் 29
சாம்பல் தின்னவில்லை.

ஜூலை 2
கழுத்தோரத்தில் மஞ்சள்!! இடது பக்கம் மூன்று செதிலில். மூன்று வாரக் குட்டிக்கு எப்படி? கை நடுங்க டார்ச் அடித்து ஏழெட்டு போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன், "அக்கா, ஒன் வெரலப் பாரு." ரசத்துக்கு மஞ்சள்தூள் போட்ட கை. ஈரப் பஞ்சால் துடைத்தேன், போய்விட்டது. பாவம், அதுவும் பேசாமல் துடைக்கவிட்டது.

ஜூலை 4
5.8. இறங்கியது ஏறியிருக்கிறது. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள்.

ஜூலை 5
ஆறு மணிக்கு வண்டி. தண்ணீர்க் கிண்ணம் ஏழும் நிரப்பியாச்சு, தம்பி மத்தியானம் வருகிறான். சாம்பல் ராத்திரி தின்றிருக்கிறது, நடு வயிற்றில் சின்னப் புடைப்பு. இருட்டில் கழுத்தைப் பார்க்க