கோப்பியாஸ்தே

சைப்ரஸுக்குக் குடிவந்த முதல் நாலு மாதமும், பக்கத்து வீட்டு அம்மா என்னைக் காணும்போதெல்லாம் கோப்பி வேண்டுமா என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். திராட்சைப் பந்தலின் கீழ் மேசை போட்டு வீட்டார் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் குப்பைப் பையோடு கடந்து போவேன். "கோப்பியாஸ்தே!" என்று கையைக் காட்டுவார். இப்போதுதான் குடித்தேன், நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடப்பேன். யாழ்ப்பாணத்துக் காதுக்கு அது வேறு எப்படிக் கேட்கும்? இந்தச் சனம் காலை, மத்தியானம், இரவு என்று எந்த நேரமும் கோப்பிதான் குடிக்குமோ என்று இவரிடமும் சொல்லி வியந்தேன். வந்து உட்காருங்கள், எங்களோடு சாப்பிடுங்கள் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்று பிறகு தெரிந்தபோது, எத்தனை தடவை மறுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

லண்டனில் முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி நர்ஸாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். இவர் தபால் பிரித்தவர். 2018 வசந்தத்தில் பாஃபோஸ் நகருக்கு மேலே, மலைச்சரிவில் உள்ள ஒரு கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். ஏன் சைப்ரஸ் என்று எல்லோரும் கேட்டார்கள். முழங்கால்தான் காரணம். லண்டன் குளிர் அதற்கு ஒத்துவரவில்லை. இங்கே கார் இடப்பக்கம் ஓடுகிறது, செருகிக்கும் அதே மூன்று கம்பிதான், கடையில் ஆங்கிலத்தில் சமாளிக்கலாம், வருடா வருடம் கூடுகிற அரசுப் பென்சனும் தடையில்லாமல் வரும். குளிரைப் பற்றி மட்டும் ஏமாந்துபோனோம். கோடைக்கென்றே கட்டிய வீடு, சுவரில் வெப்பக் காப்பு ஒன்றும் கிடையாது. ஜனவரியில் வீட்டுக்குள்ளே மேற்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே போனால்தான் சூடு.

காகித வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள், வந்து நாலு மாதத்துக்குள் பதிய வேண்டும். பாஸ்போட், பென்சன் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்புக்கான சான்று, வாடகை ஒப்பந்தம், 20 யூரோ. ஒப்பந்தத்தில் ஊர் முக்தாரின் முத்திரையும் வேண்டும் என்றார்கள். முக்தார் என்பவர் ஊர்த்தலைவர், நம்முடைய விதானையார் மாதிரி. அவரைத் தேடி அலுவலகத்துக்குப் போனால் பூட்டிக் கிடந்தது. ஆள் கஃபெனியோவில், அதாவது ஊர்க் கோப்பிக் கடையில் இருந்தார். இவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் வாசலில் நின்றேன். உள்ளே ஒரு பெண்ணும் இல்லை. போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தாலே தெரிந்தது. இவர் உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை என்றே சொல்லலாம். ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தவ்லி என்று பகடை உருட்டிக் காய் நகர்த்துகிற ஆட்டம் பழகிவிட்டது, நாலைந்து கிழவர்களோடு சிநேகமும் ஆகிவிட்டது.

எனக்குத்தான் வழி தெரியவில்லை.

பஸ்ஸில் ஒரு சிங்களப் பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கே, எந்த வீட்டில் வேலை?" என்று கேட்டாள். வேலை இல்லை, ஓய்வு பெற்று வந்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. இந்த வயதில் வேலை போய்விட்டதே என்று இரங்கினாள். அவள் கேட்டது சுடவில்லை. ஓர் அலுவலகக் கவுண்டரில், என் கையிலிருந்த கோப்பைப் பார்க்காமலே, "உங்கள் மேடம் வரவில்லையா?" என்று கேட்டார்களே, அதுதான் சுட்டது. இங்கே இலங்கையிலிருந்தும் நேபாளம், பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து வீட்டு வேலை செய்கிற பெண்கள் ஏராளம். என் நிறத்தில் ஒருத்தி மேடமாக இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிரித்தானியப் பாஸ்போட்டை எடுத்து மேசையில் வைத்தேன். வைத்த பிறகு அதுவும் பிடிக்கவில்லை. யாரைவிட நான் மேல் என்று காட்ட அதை எடுத்தேன்?

சரி, ஆங்கிலேய ஓய்வூதியர்களோடு சேர்ந்து பார்ப்போம் என்று போனேன். பாஃபோஸ் பக்கம் அவர்களுக்குக் குறைவே இல்லை. வினாடி வினா இரவு, ஞாயிறு ரோஸ்ட், தெருப்பூனைகளுக்காக நடத்தும் பழைய துணிக் கடை. நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். பூனைக் கடையில் ஒரு வருடம் செவ்வாய்க்கிழமைகளில் துணி மடித்தேன். ஆனால் பேச்செல்லாம் கட்டிடக்காரன், பல் வைத்தியர், பிரெக்ஸிட், யார் திரும்பிப் போகிறார்கள் என்பதுதான். துணை இறந்துவிட்டால் மற்றவர் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளைகளிடம் போய்விடுவார். இரண்டு குளிர்காலத்தில் எங்கள் மேசையில் மூன்று பேர் குறைந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. வெளியே போக வேண்டுமென்றால் 8998 என்ற எண்ணுக்குக் காரணத்தைக் குறிக்கும் இலக்கத்தை அனுப்பிப் பதில் வாங்க வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். இவர் கூண்டுப் புலி மாதிரி முற்றத்தில் நடந்தார். அப்படி ஒரு நாள், மதிலுக்கு மேலால் ஒரு கிண்ணம் வந்தது. மூடியைத் திறந்தால் சேப்பங்கிழங்கு! இவர்கள் கோலொகாசி என்கிறார்கள். ஈஸ்டர் நோன்புக் காலம் என்பதால் பன்றி இறைச்சி போடாமல், தக்காளியும் செலரியும் எலுமிச்சம்புளியும் விட்டு வைத்திருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்களுக்கும் மரக்கறிதான். அடுத்த வாரம் நான் பழப்புளி விட்டு ஒரு கறி வைத்து அதே கிண்ணத்தில் திருப்பிக் கொடுத்தேன். வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் இரண்டு ஊரிலும் இல்லை.

பிறகு மதிலுக்கு இருபுறமும் நின்று சண்டை பிடித்தோம். தோல் சீவிய கிழங்கை நான் கழுவுவதைப் பார்த்து அவர் தலையில் கை வைத்தார். கழுவக்கூடாதாம், வழுவழுத்துப் போகுமாம். கத்தியால் முழுக்க வெட்டவும் கூடாது. கொஞ்சம் கீறிவிட்டுத் திருகி உடைக்க வேண்டும். செய்து பார்த்தேன், உண்மைதான். என் அம்மாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போயிற்றே என்றிருந்தது.

அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல், எனக்குக் கிரேக்கம் இருபது சொல். மிச்சத்தைப் பேத்தி மொழிபெயர்ப்பாள். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை, வடக்கே மோர்ஃபுவில் பிறந்தவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். 1974இல் துருக்கிப் படை வந்தபோது, அடுப்பில் சட்டி இருக்க ஓடி வந்தவர். 2003இல் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான எல்லையைத் திறந்தபோது ஒரு தடவை போய்த் தன் வீட்டைப் பார்த்தாராம். அங்கே இருக்கிறவர்கள் உட்கார வைத்துக் கோப்பி கொடுத்தார்களாம். "என் வீட்டில் எனக்குக் கோப்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிழங்கை உடைத்தார். 1995இல் யாழ்ப்பாணமே எழும்பி நடந்தபோது, நான் லண்டனில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்த கதையைச் சொன்னேன். பேத்தி பாவம், இரண்டையும் மாறி மாறி மொழிபெயர்த்துக் களைத்துவிட்டாள். அன்றிலிருந்து நான் அவருக்குக் "கோரி மு". என் பெண்ணே என்று அர்த்தம். எனக்கு அப்போது வயது 66!

பஸ் பிள்ளையும் விடவில்லை. ஞாயிறு ஒன்றுதான் அவர்களுக்கு விடுமுறை. நான் நர்ஸ் என்று தெரிந்ததும், இரத்தப் பரிசோதனைத் தாளோடு தோழிகளைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள். முன்பு கொழும்பு வார்டில் பழகிய சிங்களம் முப்பது வருடத்துக்குப் பிறகு துருப்பிடித்துத்தான் வந்தது, ஆனாலும் உதவியது. மாதம் முழுக்க உழைத்து, அப்போது கைக்கு 300 யூரோவுக்குச் சற்று மேல் வாங்கிய பெண்கள், வரும்போது தேங்காய்ப்பால் டின்னோடு வருவார்கள். வேண்டாம் என்றால் கோபம் வரும். ஒரு ஞாயிறு பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இவர்கள் எல்லாம் உன் மகள்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்குவதற்குக் கிரேக்கம் போதாது.

லண்டனிலிருந்து பென்சன்காரர்கள், நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டுப் படிவம் அனுப்புவார்கள். சாட்சிக் கையெழுத்து வேண்டும். போன தடவை இவர் ஊரில் இல்லை. அலுவலகம் வழக்கம்போலப் பூட்டு. படிவத்தை எடுத்துக்கொண்டு கஃபெனியோ வாசலில் போய் நின்றேன். முக்தார் தவ்லிக் காயைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"கோப்பியாஸ்தே."

உட்கார்ந்தேன். படிவத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு கடைக்காரரிடம் எனக்கு ஒரு கோப்பி சொன்னார். அதைக் குடித்து முடித்தால்தான் உயிரோடு இருப்பதாக எழுதுவாராம்.

சீனி அளவாகப் போட்ட மெத்ரியோ. அடி மண்டி வரைக்கும் குடித்தேன்.