மனு போட்ட தேதி

சத்துவாச்சாரியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறேன். வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, மனுவை நம்பராக்குவது (நீதிமன்றத்தில் அதற்கு வழக்கு எண் வாங்குவது), வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது என் பொறுப்பு. வாதாடுவது எங்கள் சீனியர். ஆனால் கட்சிக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் உட்கார்ந்து அழுவது என் மேசைக்கு எதிரில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. தாய்வீடு வேலூர் சைதாப்பேட்டை, வாழ்க்கைப்பட்டது குடியாத்தம் பக்கம். பீடி சுற்றித் தன்னையும் மகளையும் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். வழக்குப் போட அவள் வரவில்லை. புகுந்த வீட்டு ரேஷன் கார்டிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டபோது, நீதிமன்றத் தீர்ப்பு நகல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“எனக்குத்தான் விவாகரத்து ஆகிவிட்டதே அக்கா, அதன் நகல் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டபடி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

இருபது ரூபாய் முத்திரைத்தாள். இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள், நோட்டரி முத்திரை. ‘இன்று முதல் ஒருவர்மேல் ஒருவருக்கு எவ்விதப் பாத்தியமும் இல்லை, குழந்தைக்காகவும் எதுவும் கேட்பதில்லை’ என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றிக் கொடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அந்த மனிதர் அடுத்த ஆண்டே வேறொரு திருமணம் செய்துகொண்டார்.

சீனியர் தாளைப் படித்துவிட்டு, “அம்மா, நீ இன்னும் அவருடைய மனைவிதான்” என்றார். அவள் மகிழவில்லை, அழவும் இல்லை. தாளை மறுபடியும் வாங்கிப் பார்த்தாள்.

1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி மணவிலக்கைத் தர வேண்டியது நீதிமன்றம். நோட்டரி முத்திரைக்கு அந்த அதிகாரம் இல்லை. சாதி வழக்கப்படி தீர்த்துவிடும் முறையைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று சொல்பவர்தான் சாட்சி வைத்து மெய்ப்பிக்க வேண்டும். அது எளிதில்லை. ஆகவே அவளுடைய திருமணம் நிலைத்திருந்தது, அவர் செய்துகொண்ட இரண்டாவது திருமணம் செல்லாது. மகளின் ஜீவனாம்ச உரிமையைத் தாயே எழுதிக் கொடுத்தாலும் அது போய்விடாது.

அப்படியானால் அந்தத் தாள் வெறும் காகிதமா? இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம் தருகிறது. ஜீவனாம்ச மனு போட்டதும் எதிர்த்தரப்பு அதே தாளை நீட்டியது. இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று, ஜீவனாம்ச மனுவுக்கு வழிசெய்யும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. திருமணத்தை முடித்துவைக்க வலுவில்லாத தாள், அவள் சோற்றைத் தடுக்க மட்டும் ஓடி வந்தது. மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றும், வேறொருத்தியோடு வாழ்பவரிடம் திரும்பிப் போகச் சொல்ல முடியாது என்றும் சீனியர் வாதாடி அதை முறியடித்தார். தாய்க்கும் மகளுக்குமாக மாதம் ஆறாயிரம் ரூபாய் உத்தரவானது.

“அந்த நான்கு வருடம்?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், மனு போட்ட நாளிலிருந்து ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குமுன் உத்தரவான நாளிலிருந்துதான் என்று இழுத்தவர்கள் உண்டு. அந்த வகையில் பெரிய ஆறுதல். ஆனால் மனுவுக்கு முந்திய நாட்களுக்குக் கணக்கு இல்லை. நாற்பத்தெட்டு மாதம், மாதம் ஆறாயிரம் என்றால் இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். அவள் அந்தக் கணக்கை என் மேசையிலேயே, பழைய வாய்தா சீட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள்.

இப்படித் தாமதமாக வருகிறவர்கள்தான் அதிகம். ஆடி கழியட்டும் என்பார்கள், தை பிறக்கட்டும் என்பார்கள், நாத்தனார் கல்யாணம் முடியட்டும் என்பார்கள். சொல்லும் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். வழக்குப் போட்டால் உறவு முறிந்துவிடும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கையோடுதான் சண்டை. குடும்பநல நீதிமன்றங்களை உருவாக்கிய 1984ஆம் ஆண்டுச் சட்டமே, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்தைக் கட்டாயப்படுத்துகிறது. ஆலோசகர் கூப்பிட்டுப் பேசுவார். மனுவைப் போட்டுவிட்டுப் பேசலாம். பேச்சு பலித்தால் மனுவைத் திரும்பப் பெறலாம், பலிக்காவிட்டால் தேதியாவது கையில் இருக்கும். பணம் இல்லை என்று தயங்கவும் வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

ஜீவனாம்சம் கேட்க உதவிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. எங்களிடம் வருகிறவர்கள் இன்னும் ‘125 கேஸ்’ என்றுதான் கேட்கிறார்கள், நானும் திருத்துவதில்லை. எண்ணைவிட முக்கியமான ஒன்றை மட்டும் ஒவ்வொருவரிடமும் இருமுறை சொல்கிறேன். உத்தரவான பணம் நின்றுபோனால், நின்ற ஓராண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். விட்டால் அந்த மாதத்துப் பணத்துக்கு வாரண்டு கிடைக்காது. அதனால் பணம் நின்றது தெரிந்ததும் டைரியில் அதிலிருந்து பத்தாவது மாதத்துப் பக்கத்தில் சிவப்பு மையால் குறித்து வைக்கிறேன். சம்மனை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்களிடமும் மன்றாடுகிறேன். மறுத்தாலும் சார்பு செய்ததாகவே, அதாவது சம்மன் அவர் கைக்குச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டு, எதிர்த்தரப்பு இல்லாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பணம் இப்போது மாதாமாதம் வருகிறது. ஒருமுறை நின்றது, வசூல் மனு போட்டோம், வந்துவிட்டது. ரேஷன் கார்டுதான் இன்னும் மாறவில்லை. அதற்கு மணவிலக்கு வேண்டுமே. அவளே மனுதாரராக அந்த வழக்கையும் போட்டிருக்கிறாள். விசாரணைக்கு வந்த அன்று அந்த இருபது ரூபாய்த் தாளை அசலாகவே கொண்டுவந்திருந்தாள், நான்காக மடித்து. ஆவணமாகத் தாக்கல் செய்ய வாங்கி, அதன்மேல் நான்தான் குறியீட்டு எண் எழுதினேன். அடுத்த வாய்தா பங்குனியில்.