பறிபோனாலும் தாங்குகிற கேமரா

மார்ச் 4

அந்தப் பகுதிக்கு எந்தக் கேமராவைக் கொண்டுபோவது என்று இன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். பட்டப்பகலில் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடும் தெருக்கள். செய்தியில் வந்தாலும் குற்றத்துக்காக மட்டுமே வருகிற தெருக்கள். வாசலில் பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறவரையும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பையனையும் அங்கே போய் யாரும் எடுப்பதில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

கையிலிருக்கும் டி.எஸ்.எல்.ஆர், அதாவது லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா, சரிப்படாது. தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும் அதன் 70-200 எஃப் 2.8 லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. திருடன் கண்ணில் படும் என்பது ஒரு பக்கம். தூரத்தில் நின்று யாரோ தங்களை வேவு பார்ப்பதாகக் குடியிருக்கிறவர்களுக்குத் தோன்றும், எனக்கு அதுதான் பெரிய கவலை.

மார்ச் 7

ரிக்கோ ஜி.ஆர் 3, ஃபுஜி எக்ஸ்100வி. இந்த இரண்டு சிறிய கேமராக்களுக்கும் நடுவில்தான் மனம் அலைகிறது. இரண்டிலும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு, பல டி.எஸ்.எல்.ஆர்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி அளவுதான், படத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபுஜியில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை, வ்யூஃபைண்டர், அருமையானது. ஆனால் ஒரு கண்ணை அதில் வைத்தால் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. எடையும் 478 கிராம், சட்டைப் பையில் நிற்காது.

ரிக்கோ பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 257 கிராம். வ்யூஃபைண்டரே கிடையாது. வேறு இடமாக இருந்தால் இதைக் குறை என்பேன், இங்கே வசதி. தலை நிமிர்ந்தே இருக்கும், தெரு முழுவதும் கண்ணில் இருக்கும்.

அப்புறம் ஸ்னாப் ஃபோகஸ். தூரத்தை 2 மீட்டர் என்று முன்பே வைத்துவிட்டு, லென்ஸின் துளையை எஃப் 8 என்று சிறிதாக்கி, பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் ஃபோகஸைத் தேடாமல் உடனே எடுக்கும். ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து வெகுதூரம் வரை தெளிவாக இருக்கும். பையிலிருந்து எடுத்து, படம் எடுத்து, மறுபடி பைக்குள் போட ஆகும் நேரம்தான் இந்த வேலையில் முக்கியம். மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்.

குறைகளும் உண்டு. பேட்டரி ஏறக்குறைய 200 படத்துக்குத்தான் வரும். தூசிக்கும் தண்ணீருக்கும் பாதுகாப்பு இல்லை.

மார்ச் 9

நெடுநாள் பத்திரிகைக்குப் படம் எடுத்த அண்ணன் ஒருவரிடம் பேசினேன். ஜி.ஆர் என்றதும் சரி என்றவர், வேறொன்றை அழுத்திச் சொன்னார்: "கேட்டா கொடுத்துடு தம்பி. கார்டை மட்டும் கழட்டித் தரேன்னு பேரம் பேசாதே. குத்து விழுறது அந்தப் பேரத்துலதான்."

பழைய கேமராவாகவே வாங்குவது என்று அப்போதே தீர்மானித்தேன். போனால் மனம் வலிக்கும், ஆனால் கேட்டால் கொடுத்துவிடத் தயங்காத விலையில் இருக்க வேண்டும்.

மார்ச் 13

பழைய ரிக்கோ ஒன்று வந்துவிட்டது. தெருப் படங்களுக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான் தன் லைக்காவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடிவைத்திருந்தார். ரிக்கோ ஏற்கெனவே கறுப்பு, அந்த வேலை மிச்சம். ஃபோகஸுக்கு உதவும் விளக்கையும் சத்தத்தையும் அணைத்தேன். கழுத்து வார் வேண்டவே வேண்டாம், இழுத்தால் ஆளும் சேர்ந்து விழுவார். மெல்லிய மணிக்கட்டு வார் போதும், அதையும் சட்டென்று கழற்ற வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். சீரியல் எண்ணை வீட்டில் குறித்துவைத்தாயிற்று. பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் சிறிய கார்டுகள் சில, நிறைந்தது உள்பைக்குப் போகும்.

மார்ச் 16

அங்கேயே குடியிருக்கும் நண்பனோடு போனேன். "எதுக்குப்பா எடுக்கிறே?" என்று ஒரு அம்மா கேட்டார். திரையைத் திருப்பிக் காட்டினேன். பேரன் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்து, "இன்னொண்ணு எடு" என்றார். பெரிய லென்ஸோடு தள்ளி நின்றிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

வெளிச்சம் குறைந்ததும் துளையைப் பெரிதாக்கி எஃப் 4-க்கு இறங்க வேண்டியிருந்தது. தூரத்தை 1.5 மீட்டரில் வைத்தால் அப்போது தெளிவாக வருவது ஏறக்குறைய 1.1 மீட்டரிலிருந்து 2.3 மீட்டர் வரைதான். இன்னும் நெருங்கிப் போக வேண்டும், அதுவும் இருட்டுகிற நேரத்தில். வேண்டாம். இனி எஃப் 8 தாங்குகிற வரைதான் அங்கே இருப்பது, அதற்குமேல் கிளம்பிவிடுவது என்று நண்பனும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.