ட்வைலைட் படிக்கிறேன், திட்டிக்கொண்டே

ஜூன் 3

அக்கா மகள் அலமாரியிலிருந்து எடுத்தது. கறுப்பு அட்டை, நீட்டிய இரண்டு கைகளில் ஒரு சிவப்பு ஆப்பிள். ஸ்டெஃபனி மேயர் எழுதி 2005இல் வந்த புத்தகம், ஊரே படித்து முடித்த பிறகு நான் ஆரம்பிக்கிறேன். பெல்லா என்ற பெண் ஃபீனிக்ஸ் வெயிலை விட்டுவிட்டு, எப்போதும் மழை பெய்கிற ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊருக்கு, போலீஸ் அதிகாரியான அப்பாவோடு இருக்க வருகிறாள். பள்ளிக்கூடம் போகிறாள், சமைக்கிறாள், பழைய சிவப்பு டிரக் ஓட்டுகிறாள், நடுநடுவே கூடப் படிக்கிற எட்வர்ட் எவ்வளவு அழகு என்று சொல்கிறாள். பளிங்கு முகம், கோணல் சிரிப்பு, மறுபடியும் பளிங்கு. எடிட்டர் என்று ஒருவர் இருந்தாரா?

படுக்கும்போது மணி ஒன்றரை.

ஜூன் 4

அவன் ரத்தக்காட்டேரி என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது, அதை வைத்தே நூறு பக்கத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். வேன் அவளை நோக்கிச் சறுக்கிக்கொண்டு வருகிறது, நாலு கார் தள்ளி நின்றவன் கண்மூடித் திறப்பதற்குள் பக்கத்தில் வந்து கையாலேயே வேனை நிறுத்துகிறான், அப்புறம் 'நான் உன் பக்கத்தில்தான் நின்றேன்' என்று சாதிக்கிறான். அத்தியாயத்தை எங்கே வெட்ட வேண்டும் என்பது மட்டும் இந்த அம்மாளுக்கு நன்றாகத் தெரிகிறது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் 'தொடரும்' போடுகிற அதே இடம்.

எட்வர்ட் குடும்பம் மனித ரத்தம் குடிப்பதில்லை, மான், கரடி, பூமா மட்டும்தான், அதனால் தங்களைச் சைவம் என்று கேலியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கரடி ரத்தச் சைவம்! சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

ஜூன் 6

பதின்மூன்றாவது அத்தியாயம். ஒரு புல்வெளியில், வெயிலில் நின்றால் எட்வர்ட் தோல் வைரம் மாதிரி மின்னுகிறது. 2003 ஜூன் 2ஆம் தேதி மேயருக்கு வந்த கனவு இதுதானாம், இந்தக் காட்சியைத்தான் முதலில் எழுதினாராம். அது இப்போது புரிகிறது, முன்னால் உள்ளதெல்லாம் இந்தப் புல்வெளிக்குப் போகிற வழி. 1918இல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தவன், இன்னும் பதினேழு வயதோடு உயிரியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து அவள் தூங்குவதைப் பார்க்கிறான், அது தெரிந்ததும் அவளுக்கு உள்ளூர சந்தோஷம். அக்கா மகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும்.

ஜூன் 8

இடி இடிக்கும்போது பேஸ்பால் ஆடுகிறார்கள் (மட்டை அடிக்கிற சத்தம் ஊருக்குக் கேட்கக் கூடாதாம்), அப்போதுதான், புத்தகம் முக்கால்வாசி முடிந்த பிறகு, வில்லன் வருகிறான். துரத்தல், ஃபீனிக்ஸ், விமான நிலையம், நடனப் பள்ளி. வேடிக்கை என்னவென்றால், கதை என்று ஒன்று ஓட ஆரம்பித்ததும் எனக்குக் கொட்டாவி வந்தது. இத்தனை நாள் என்னைப் பிடித்து வைத்திருந்தது 'இன்றைக்கு அவன் பேசுவானா மாட்டானா' என்கிற அந்த ஒன்றும் நடக்காத பக்கங்கள்தான். பெல்லாவுக்குத் தனியாக ஒரு குணமும் கொடுக்காததால் அந்தக் காலி இடத்தில் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்துகொள்ளலாம், நானும் உட்கார்ந்துவிட்டேன், என் வயதுக்கு. வில்லனைக் கொல்கிற நேரத்தில் கதை சொல்கிறவள் மயக்கம், கண் விழித்தால் ஆஸ்பத்திரி. சண்டையே நமக்குக் கிடையாது!

ஜூன் 10

இரண்டாம் பாகம் தொடங்கியாயிற்று. எட்வர்ட் விட்டுவிட்டுப் போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் போட்டு வெற்றுப் பக்கங்கள். இதுவரை படித்ததில் அதுதான் நல்ல எழுத்து, கிண்டலாகச் சொல்லவில்லை. மூன்றாவது பாகம் அக்கா மகளின் தோழியிடம் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.