எல்.எல்.பி. கோர்ட் ரெக்கார்டு: வாய்தாவில் சிக்காமல் முடிப்பது எப்படி

எல்.எல்.பி. படிப்புக்காக நீதிமன்ற விசாரணைகளை நேரில் பார்த்து எழுதும் ரெக்கார்டில் ஒருவழியாகக் கடைசிக் கையெழுத்தும் விழுந்துவிட்டது. அந்த நிம்மதி ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அடுத்த செமஸ்டரில் இதே அலைச்சலில் இறங்கப் போகிறவர்களுக்குப் பாதி நாளாவது மிச்சமாகட்டும்.

இந்தத் தாளின் மதிப்பெண் பிரிப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி மூட் கோர்ட்டுக்கு (மாதிரி நீதிமன்ற வாதம்) 30, ஒரு சிவில் வழக்கு, ஒரு கிரிமினல் வழக்கு என இரண்டு விசாரணைகளைப் பார்த்து எழுதுவதற்கு 30, கட்சிக்காரர் பேட்டிக்கும் வழக்குத் தயாரிப்புக்கும் 30, வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்கு 10. மூட் கோர்ட் வகுப்பிலேயே முடிந்துவிடும். பேட்டியும் தயாரிப்பும் சீனியர் ஆபீசில் உட்கார்ந்தால் தானாக நடக்கும். ஆளை வாட்டி எடுப்பது நடுவில் இருக்கிற அந்த 30 மதிப்பெண்தான்.

முதல் முட்டுக்கட்டை கல்லூரிக் கடிதம். 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று பொதுவாக அடித்துக் கொடுத்த கடிதத்தை நீதிமன்ற அலுவலகத்தில் கையில்கூட வாங்கவில்லை. "யார் பேருக்கு எழுதியிருக்குன்னே இல்ல, போய் மாத்திட்டு வாங்க" என்பதோடு முடிந்தது. எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று கேட்டால் ஒரு மேசை இன்னொரு மேசையைக் கைகாட்டும். எனவே கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே முதன்மை மாவட்ட நீதிபதிக்கு ஒன்று, உட்காரப் போகும் நீதிமன்றத்தின் நீதிபதிக்கு ஒன்று எனத் தனித்தனிக் கடிதங்கள் வாங்கிவிடுங்கள். பெயர், பதிவெண், எந்த ஆண்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எதற்காக என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் சுருக்கொப்பமும் வாங்காமல் நகராதீர்கள். கடிதம் எங்கேயோ போய்விட்டது என்று பிறகு சொன்னால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் உண்டு.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் விஷயம்: நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-பி பிரிவும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-வது பிரிவும் (இப்போது பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 366) திறந்த நீதிமன்றம் என்றுதான் சொல்கின்றன. கடிதம் தேவைப்படுவது சீலுக்கும் கையெழுத்துக்கும்தான். "லெட்டர் சரியில்லை, உள்ளே வராதே" என்று யாராவது சொன்னால் சண்டை போட வேண்டாம். பின்பெஞ்சில் பொதுமக்களோடு உட்காருங்கள். விதிவிலக்குகளை மட்டும் மனதில் வையுங்கள். போக்சோ வழக்குகள், பாலியல் வன்முறை வழக்குகள், இந்துத் திருமணச் சட்ட வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. தெரியாமல் அங்கே போய் நின்று, எல்லோர் முன்னாலும் வெளியே அனுப்பப்படும் சங்கடம் யாருக்கும் வேண்டாம்.

அடுத்து, எந்த கோர்ட், எந்த வழக்கு? மொத்தக் காரியமும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. பாடப்புத்தகம் வழக்குரையில் தொடங்கித் தீர்ப்பாணையில் முடியும். அதே வரிசையை ஒரே வழக்கில் பார்த்துவிடலாம் என்று புது வழக்கொன்றைப் பிடித்தால் செமஸ்டரே தீர்ந்துவிடும். சம்மன் எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேராமல் வழக்கு அப்படியே நிற்கும். வழக்கை அதன் தலைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது இருக்கும் நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு எண்ணுக்கும் எதற்காகப் போடப்பட்டிருக்கிறது என்று இருக்கும். ஆஜராவதற்கு, எதிர்வழக்குரைக்கு, பிடியாணைக்கு என்று இருப்பவற்றைக் கடந்து போங்கள். சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை என்று இருப்பவற்றில் நாலைந்தை எடுத்து, அவற்றின் சி.என்.ஆர். எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணைச் சேமித்து வையுங்கள். 16 இலக்கம், எழுத்தும் எண்ணும் கலந்தது. அதைப் போட்டால் முந்தைய வாய்தாக்களின் வரலாறும் வரும். கடைசிச் சில வாய்தாக்களில் சாட்சி உண்மையிலேயே கூண்டேறியிருந்தால் அந்த வழக்கு நகரும் வழக்கு. ஒரே காரணத்துக்காகத் தள்ளிக்கொண்டே போயிருந்தால் உங்களுக்கும் அதே கதிதான்.

பட்டியலில் பெயர் இருந்தும் போய் ஏமாந்து திரும்ப நேர்வதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. நீதிபதி விடுப்பில் இருந்தால் பொறுப்பு நீதிபதி எல்லா வழக்குக்கும் மொத்தமாக வாய்தா கொடுத்துவிடுவார். சாட்சியம் எடுக்க மாட்டார். நீதிபதி பணியிடமே காலியாக இருக்கும் கோர்ட்டாக இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். வழக்கறிஞர்கள் பணிப் புறக்கணிப்பு அறிவித்த நாளிலும் இதே நிலைதான். வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று ஹரீஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் காலையில் பார் அசோசியேஷன் நோட்டீஸ் போர்டைப் பார்க்காமல் பஸ் ஏறக் கூடாது. மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. நடுவர் நீதிமன்றங்கள் இயங்கும். பரீட்சை முடிந்த கையோடு மே மாதத்தில் கிளம்புகிறவர்கள் முதலில் கிரிமினல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் ஒரே மருந்து அந்த வழக்கின் வழக்கறிஞருடைய குமாஸ்தாதான். நாளை சாட்சி வருகிறாரா, தரப்பு தயாரா என்பது செயலியில் இருக்காது. அவரிடம்தான் இருக்கும்.

சிவில் வழக்கில் ஒரு பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். முதல் விசாரணையில், அதாவது சாட்சியை அவர் தரப்பு வழக்கறிஞரே விசாரிக்கும் கட்டத்தில், வழக்கறிஞர் கேள்வி கேட்பார், வாதி பதில் சொல்வார் என்று நோட்டைத் திறந்து காத்திருப்போம். நடக்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 18, விதி 4-ன்படி முதல் விசாரணை நிரூபண வாக்குமூலமாக எழுத்தில் தாக்கலாகிவிடும். சாட்சி கூண்டேறுவார், உறுதிமொழி எடுப்பார், ஆவணங்கள் வா.சா.ஆ. (வாதி சான்றாவணம்) 1, 2 என்று குறியீடு செய்யப்படும், இறங்கிவிடுவார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்திருக்கும். நேரில் பார்க்க வேண்டியது குறுக்கு விசாரணை. ஆகவே பட்டியலில் வாதித் தரப்புச் சாட்சியின் குறுக்கு விசாரணை என்று இருக்கும் நாளைப் பிடியுங்கள்.

கிரிமினலில் முதல் விசாரணையும் வாய்மொழியாகவே நடக்கும். ஆனால் அங்கேயும் தேர்வு முக்கியம். அபராதம் கட்டி ஒத்துக்கொள்ளும் சிறு வழக்குகளில் சாட்சியமே கிடையாது, ரெக்கார்டுக்கு உதவாது. செக் மோசடி என்று சொல்லும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு வழக்குகள் எங்கும் நிறைந்திருக்கின்றன, சுலபமாகவும் கிடைக்கும். ஆனால் அது தனிநபர் புகார். முதல் தகவல் அறிக்கை இல்லை, குற்றப்பத்திரிகை இல்லை, அரசு வழக்கறிஞர் இல்லை, புகார்தாரரின் சாட்சியமும் அதே சட்டத்தின் 145-வது பிரிவுப்படி பிரமாண வாக்குமூலமாகவே வந்துவிடும். வைவாவில் புலன் விசாரணை பற்றிக் கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. என்னைக் கேட்டால் அமர்வு நீதிமன்றம்தான் சிறந்தது. சாட்சிகளுக்கு வரிசையாகத் தேதி போட்டிருப்பார்கள். பார்த்த சாட்சி, மகஜர் (போலீஸ் எழுதும் பார்வையிடல், கைப்பற்றுதல் பதிவு) சாட்சி, மருத்துவர், கடைசியில் புலன் விசாரணை அதிகாரி என்று வழக்கின் முழு உருவமும் கண்முன் வரும்.

இனிக் குறிப்பெடுக்கும் முறை. கேள்வி ஒரு வரி, பதில் ஒரு வரி என்று எழுதிக்கொண்டு போனால் பிறகு எதோடும் ஒத்துப்போகாது. காரணம், சாட்சியம் பதிவாவது கேள்வி பதிலாக அல்ல. கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரே வாக்கியமாக நீதிபதி சொல்ல, தட்டச்சர் அடிப்பார். "கிரையப் பத்திரத்தில் உள்ள கையெழுத்து உங்களுடையதுதானே?" என்ற கேள்விக்கு சாட்சி தலையாட்டினால், பதிவில் "கிரையப் பத்திரத்தில் உள்ள கையெழுத்து என்னுடையது என்றால் சரிதான்" என்று விழும். எதிர்த்தரப்பு தன் வழக்கை ஒவ்வொன்றாக முன்வைத்துக்கொண்டே போக, சாட்சி மறுக்க மறுக்க, "பணம் எதுவும் கைமாறவில்லை என்றால் சரியல்ல", "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று வரிசையாக இறங்கும். நோட்டில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் 'சரிதான்', வலப்பக்கம் 'சரியல்ல' என்று பிரித்து எழுதிப் பாருங்கள். இடப்பக்கம் சேர்வதெல்லாம் ஒப்புதல்கள். வழக்கு பெரும்பாலும் அங்கேதான் சாய்கிறது. வலப்பக்கம் சேர்வது எதிர்த்தரப்பின் முழுக் கதை. ஒரு குறுக்கு விசாரணையை இப்படிப் பிரித்துவிட்டால் எதிர்வழக்குரையைப் படிக்காமலேயே அதில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம். இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

சாட்சி பிறழ்ந்தால் அதை விட்டுவிடாதீர்கள். போலீசில் சொன்னதற்கு மாறாக சாட்சி பேசத் தொடங்கியதும் அரசு வழக்கறிஞர் எழுந்து, அவரைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்பார். பழைய சாட்சியச் சட்டத்தில் 154, பாரதிய சாட்சிய சட்டத்தில் 157. அந்த நிமிடத்தில் யார் என்ன கேட்டார், நீதிபதி அனுமதித்தாரா என்பதை அப்படியே குறியுங்கள். இரண்டு பக்கம் எழுதும் அளவுக்கு விஷயம் அதில் இருக்கிறது.

பிரிவு எண்களில் பலருக்கு ரெக்கார்டு திரும்பி வந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் என்பதால் எல்லாவற்றையும் பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்), பி.என்.எஸ்.எஸ். என்று மாற்றி எழுதிவிடுகிறார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குத் தண்டனைச் சட்டம் பழைய ஐ.பி.சி.தான். அன்றைக்கே நிலுவையில் இருந்த விசாரணைகளும் பி.என்.எஸ்.எஸ். 531-ன்படி பழைய நடைமுறையிலேயே தொடர்கின்றன. எதிரியை (குற்றம் சாட்டப்பட்டவரை) நீதிபதி கேள்வி கேட்டதை 313 என்று எழுதுவதா 351 என்று எழுதுவதா என்பது உங்கள் வழக்கைப் பொறுத்தது. அரசு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வாய்தா ஆன நாட்களை ரெக்கார்டில் மறைக்க வேண்டாம். பலரும் மறைத்து, அந்த இடத்தில் புத்தகத்திலிருந்து ஒரு முழு விசாரணையை இட்டு நிரப்புகிறார்கள். பரிசோதகருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும். வாய்தா என்பதும் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுதான்: யார் கேட்டார், என்ன காரணம், செலவுத்தொகை விதித்தாரா, அடுத்த தேதி என்ன என்று எழுதுங்கள். சட்டத் தத்துவத் தாளில் நெட்டுருப் போட்டது விளங்குவதும் இங்கேதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 17 ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா கூடாது என்கிறது. நடப்பில் அதைத் தாண்டிப் போகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் ரோஸ்கோ பவுண்ட் 1910-ல் ஏட்டுச் சட்டம், நடப்புச் சட்டம் என்று பிரித்துக் காட்டியது இந்த இடைவெளியைத்தான். ஆனால் வைவாவில் அத்தோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், தரப்பின் கைமீறிய காரணம் இருந்தால் அந்த வரம்பைத் தாண்டியும் வாய்தா தரலாம் என்றது. அதாவது தாண்டிப் போவதெல்லாம் விதிமீறல் அல்ல. விதிக்கே நீதிமன்றம் கொடுத்த பொருள் அது. சட்டம் என்பது நீதிமன்றம் என்ன செய்யும் என்ற கணிப்பே என்று அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1897-ல் சொன்னதை இங்கே வைத்துச் சொன்னால் பொருந்தும். 'சரிதான், சரியல்ல' பதிவை வைத்து இன்னொரு அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜெரோம் பிராங்கைச் சொல்லலாம்: சட்ட விதி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது பொருத்தப்படும் சங்கதிகள் சாட்சியின் நினைவையும் பதிவாகும் விதத்தையும் பொறுத்தவை என்பது அவர் வாதம். அதிகார வரம்பு ஆட்சேபணை எழுந்த வழக்கைப் பார்த்திருந்தால் ஆங்கிலேயச் சட்டத் தத்துவ அறிஞர் ஹார்ட்டின் இரண்டாம் நிலை விதிகளுக்கு (யார் தீர்ப்பளிக்கலாம் என்பது போன்ற, விதிகளைப் பற்றிய விதிகள்) அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நேரலையில் உயர் நீதிமன்ற வாதங்களைப் பார்த்து ரெக்கார்டை முடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. மேல்முறையீட்டிலும் ரிட்டிலும் பொதுவாகச் சாட்சி கூண்டேறுவதில்லை. விதி கேட்பது விசாரணையை.

கடைசி இடி சீல். விசாரணையை முழுக்கப் பார்த்து முடித்த பிறகு, "இதுக்கெல்லாம் கோர்ட் சீல் போட முடியாது" என்று அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன விதம் எரிச்சலூட்டியது, ஆனால் பார் கவுன்சில் விதியில் சீல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாணவர் நாள்வாரியாகப் பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் இருக்கிறது. சீல் கேட்பது கல்லூரிதான். முதல் நாளே கல்லூரியில் எது ஏற்கப்படும் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வழக்கில் ஆஜராகும் வழக்கறிஞரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் போதும் என்றால் ஒவ்வொரு நாளும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். எல்லா நாளுக்கும் சேர்த்துக் கடைசியில் வாங்கப் போனால் அவர் வெளியூர் கோர்ட்டில் இருப்பார்.

வைவாவில் கேட்டவை நேரடியானவை. நீங்கள் போனபோது வழக்கு எந்த நிலையில் இருந்தது, எத்தனை எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்விகள்), நிரூபிக்கும் சுமை யார் மீது, கடைசியாகப் பார்த்த நாளில் அடுத்த வாய்தா எதற்காகப் போடப்பட்டது. வழக்கு எண், சி.என்.ஆர்., நாள்வாரி நடவடிக்கை மூன்றையும் ஒரே தாளில் எழுதி ரெக்கார்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். பரிசோதகர் அதைப் பார்த்தே பெரும்பாலான கேள்விகளைக் கேட்டார். சமர்ப்பிக்கும் முன் முழு ரெக்கார்டையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வைவா நாளன்று அசல் உங்கள் கையில் இருக்காது.