படிக்கட்டில் நின்ற வழக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து பேருந்தில் சென்று நான் தொழில் தொடங்கிய நீதிமன்றம் முதல் மாடியில் இருந்தது. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டதால் இடது காலில் காலிப்பர் என்னும் தாங்குகருவி அணிந்து நடக்கும் எனக்கு அதன் 26 படிகளை ஏறி முடிக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். சக வழக்குரைஞர்கள் இருவர் கைத்தாங்கலாக ஏற்றிவிடுவார்கள். அந்த அன்புக்கு நான் என்றும் கடன்பட்டவன். அவர்கள் வெளியூர் போயிருந்த ஒரு வாய்தா நாளில், நான் பாதிப் படியில் இருக்கும்போதே வழக்கு அழைக்கப்பட்டு, வாதி தரப்பில் எவரும் ஆஜராகவில்லை என்று தள்ளுபடியானது. வாதியோ என் வழக்குக் கட்டுகளைச் சுமந்துகொண்டு எனக்குப் பின்னால் அதே படியில் நின்றிருந்தார்.

தள்ளுபடியான வழக்கை, தக்க காரணம் காட்டி 30 நாளுக்குள் மீண்டும் கோப்பில் எடுக்கக் கோரலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 9 அதற்கு வழிசெய்கிறது. பிரமாணப் பத்திரத்தில் வழக்கம்போல் ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதிவிடும்படி என் சீனியர் அக்கறையோடு சொன்னார். நான் அன்று நோயுற்றிருக்கவில்லை. படிகளின் எண்ணிக்கையையும், சாய்தளமோ மின்தூக்கியோ இல்லாததையும் உள்ளபடி எழுதினேன். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றங்களைப் பாகுபாடின்றி அணுகுவதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்னும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவையும் குறிப்பிட்டேன். வழக்கு மீண்டும் கோப்புக்கு வந்தது. முன்கூட்டிக் கடிதம் கொடுத்தால் என் வழக்குகளைக் கீழ்த்தள அறையில் விசாரிக்கும் ஏற்பாடும் பின்னர் அமைந்தது.

பார்வைத்திறன் இல்லாத ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான விதிகள் வெறும் வழிகாட்டுதலாக நிற்க முடியாது, அவை கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அத்தீர்ப்பை ஒரே இரவில் இரண்டு முறை படித்தேன்.

எங்கள் பகுதித் தமிழர்கள் இதே தடையை வேறு வடிவத்தில் அறிந்தவர்கள். மலையாளத்தில் வந்த நோட்டீசை மடியில் கட்டிக்கொண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே முதியவர்கள் என் அலுவலகத்துக்கு வருகிறார்கள். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிப்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. அவர்களுக்காகத் தமிழில் மனு எழுதும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டு என் நினைவுக்கு வருகிறது.

ஊன்றுகோல்களுடன் நடக்கும் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர், எந்தச் சீனியரிடம் சேரலாம் என்று சென்ற வாரம் கேட்டார். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்னும் பரிவினால் முதல் நான்கு ஆண்டுகள் வரைவு எழுதும் வேலையே எனக்குப் பெரிதும் தரப்பட்டது. குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு வரவே இல்லை. சாட்சியின் முகம் பார்த்துக் கேள்வி கேட்கப் பழகாமல் கழிந்த அந்த ஆண்டுகளை ஈடுசெய்ய நான் மிகவும் பாடுபட்டேன். ஆகவே, ‘முதலாண்டிலேயே சாட்சி விசாரணையை என்னிடம் ஒப்படைப்பீர்களா’ என்று சீனியரிடம் சேருமுன்பே கேட்டுவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பழைய பிரமாணப் பத்திரத்தின் நகலையும் கொடுத்தனுப்பினேன்.